சம்பந்தியோடு ஏழு நாள் கடலில்

மார்ச் 3, செவ்வாய்

இருமல் மருந்து இரண்டு பெட்டி வந்து இறங்கியது. ஒன்றில் நாலு பாட்டில் உடைந்து, கடை முழுக்கப் பிசுபிசுப்பு. துடைத்துவிட்டு நிமிர்ந்தால் போனில் மகள் அழுகிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி அழுதால் எந்த அம்மாவுக்கு உயிர் நிற்கும்?

விஷயம் கப்பல். போன வருடம், வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது, அவளும் மருமகனும் ஏப்ரலில் ஏழு நாள் கடல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார்கள். விதிமுறைகளை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்திருக்கிறாள். இருபத்துநாலு வாரம் தாண்டிய கர்ப்பிணியை ஏற்ற மாட்டார்களாம்.

"சின்ன எழுத்துல போட்டிருக்காங்கம்மா. நான் பாக்கவே இல்ல."

மருந்துக்கடைக்காரி பெற்ற மகள் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 5, வியாழன்

பணம் திரும்பி வராதாம். ஆனால் பயணிகளின் பெயரை மாற்றிக்கொள்ளலாமாம். "நீ போயிட்டு வாம்மா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்பாவும் நானுமா?"

"அப்பா வரமாட்டேன்னுட்டார். வாளித் தண்ணியப் பாத்தாலே அவருக்குத் தலை சுத்துமாம், கடைய அவரே பாத்துக்கறாராம். நீயும் அத்தையும் போங்க."

அத்தை என்றால் அவளுடைய மாமியார். அதாவது என் சம்பந்தி. போனை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறேன் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

சரி என்று சொல்லிவிட்டேன்.

எழுதி வைத்தால்தான் எனக்கே புரியும். சம்பந்தி முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சாம்பார் கொதிப்பதைக்கூட "இன்னும் ஐந்து நிமிடத்தில்" என்று மைக்கில் சொல்வது போலத்தான் சொல்வார். அதனால் இந்த நோட்டில் அவர் பெயர் 'அறிவிப்பு'.

எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். மகள் வீட்டில் ஒரு அறை காலி. அதில் ஒற்றைக் கட்டில். பிரசவ சமயத்தில் அந்தக் கட்டிலில் யார் என்பதுதான் கேள்வி. நான் "நான்தான்" என்றேன். அறிவிப்பும் "நான்தான்" என்றார். முதல் மாதம் ஒருவர், அடுத்த மாதம் ஒருவர் என்று மருமகன் சொல்லிப் பார்த்தான். முதல் மாதம் யார் என்று அவன் சொல்லவில்லை. புத்திசாலிப் பிள்ளை.

நான் கப்பலுக்குப் போகாவிட்டால் அவரும் போகமாட்டார். நேராகப் பெட்டியோடு வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். பிரசவத்துக்கு மே இருபதுக்கு மேல்தான் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அவர் என் கண் முன்னால், நடுக்கடலில் இருப்பதே நல்லது.

மார்ச் 14, சனி

பயண முகவர் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டு எழுந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அறிவிப்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க அறைக்கு மேல என்ன இருக்கு?"

முகவர் வரைபடத்தைப் பார்த்தார். "நடன அரங்கம்மா."

"அப்ப விடிய விடிய எங்க தலை மேல குதிப்பாங்க. கீழ?"

"கீழ... இன்னொரு அறை."

"கப்பலோட எந்தப் பகுதி?"

"முன்பகுதி. மேல் தளம். காட்சி நல்லா இருக்கும்."

"ஆட்டமும் நல்லா இருக்கும். ரயில்லயும் கடைசிப் பெட்டிதான் அதிகம் ஆடும். நடுவுல, கீழ் தளத்துல குடுங்க. மேலயும் கீழயும் ஆள் தூங்கற அறையா இருக்கணும்."

முகவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்றும் அறிவிப்பே சரிபார்த்தார் — என்னுடையதையும் பிடுங்கி. கெட்டிக்காரி என்று எழுத மனம் வரவில்லை. எழுதிவிட்டேன், பரவாயில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விட வேண்டும் என்கிறார் அறிவிப்பு. விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காதாம். "முப்பத்திரண்டு வருஷம் தாமதம்னு நான்தான் சொன்னேன், எனக்குத் தெரியாதா?"

குமட்டல் மாத்திரை மூன்று அட்டை எடுத்துக்கொண்டேன். எல்லாம் அவருக்குத்தான். எனக்கு வண்டியில் போனாலும் வாந்தி வராது.

ஏப்ரல் 12, ஞாயிறு

கப்பலா இது? தெருவைத் தூக்கி நிறுத்தி வைத்தது போல இருக்கிறது.

வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள்; அறைக்கு வர மாலை ஆகுமாம். என் கையில் பர்ஸ் மட்டும். அறிவிப்பின் தோள் பையிலிருந்து மாற்றுடை, மருந்து, பல் துலக்கி, செருப்பு, கண்ணாடி என்று ஒரு குடித்தனமே வெளியே வந்தது. நான் பட்டுப் புடவையில் வேர்த்துக்கொண்டே, உயிர் காக்கும் படகுக்குப் பக்கத்தில் நின்று ஆபத்துப் பயிற்சி எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. கதவைத் திறந்தால் ஒரே கட்டில். பெரிய கட்டில். துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் அலகோடு அலகு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் ரோஜா இதழ். 'இனிய இணைக்கு வாழ்த்துகள்' என்று ஒரு அட்டை. மகள் போன வருடம் கேட்டு வைத்ததை யாரும் ரத்து செய்யவில்லை. அத்தனை கேள்வி கேட்ட அறிவிப்பு, கட்டிலைப் பற்றி மட்டும் கேட்க மறந்துவிட்டார்.

அறைப் பணியாளர் எட்டிப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அன்னங்களைப் பார்த்தார். பாவம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அவருக்கு.

"நாங்க சம்பந்திங்க" என்றார் அறிவிப்பு, நாலாவது நடைமேடை வரை கேட்கிற குரலில்.

கட்டிலை இரண்டாகப் பிரிக்க முடியுமாம். ஐந்து நிமிட வேலை. ஆளுக்கொரு அன்னம் வைத்துவிட்டுப் போனார்.

அறைச் சுவரெல்லாம் இரும்பு. அறிவிப்பு காந்த வில்லைகள் கொண்டுவந்திருக்கிறார். தினசரி நிகழ்ச்சித் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டார். எனக்கு நேர் எதிரே.

ஏப்ரல் 13, திங்கள்

செத்துட்டேன். கப்பல் ஆடுது. நான் ஆடறேன். தலையணை கூட ஆடுது.

மாலை. இப்போது கொஞ்சம் எழுத முடிகிறது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அறிவிப்புக்கு நேற்றே கொடுத்தேன். நான் போடவில்லை. இன்று வாந்தி வந்த பிறகு போட்டதால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்தது. இந்த அவமானத்தை யாரிடம் சொல்ல?

அறிவிப்பு என்னைக் கைத்தாங்கலாக நடுத்தளத்துக்குக் கூட்டிப்போய் வெளிக்காற்றில் உட்கார வைத்தார். "தூரத்துல கோடு தெரியுதில்ல? அதையே பாருங்க. போனைப் பாக்காதீங்க." பச்சை ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பேசவே இல்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஆப்பிள். கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. கோடு. பசிக்கிறது — பிழைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, புதன்

இன்று ஒரு தீவில் நிறுத்தினார்கள். கூட்டமெல்லாம் இறங்கிவிட்டால் நீச்சல் குளம் காலியாக இருக்கும், கப்பலிலேயே இருக்கலாம் என்றார் அறிவிப்பு. எனக்குப் பேரக்குழந்தைக்குக் காலுறை வாங்க வேண்டும். அதுவும் அவருக்கு முன்னால் வாங்க வேண்டும். தனியாகப் போனேன்.

நாலு மணிக்குள் ஏறிவிட வேண்டும். போனைப் பார்த்தேன், இரண்டே முக்கால். மஞ்சள் காலுறையா பச்சையா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, அசைந்து அசைந்து வந்தேன். துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை. அப்போது அந்த நீளமான மேடை முழுக்க ஒலித்தது:

"பயணியின் கனிவான கவனத்திற்கு! நீலப் பையுடன் நடந்து வரும் பயணி உடனடியாக ஓடி வரவும்! மீண்டும் சொல்கிறேன்... ஓடி வாங்க சம்பந்தி!"

ஓடினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓடியதில்லை. ஏணிப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அறிவிப்பு நின்றுகொண்டிருக்கிறார். "நீங்க ஒண்ணு உள்ள போங்க, இல்ல வெளிய போங்கம்மா" என்று கெஞ்சுகிறார் காவலர். இவர் நகரவில்லை.

தீவில் மணி கப்பலைவிட ஒரு மணி நேரம் பின்னால். என் போன் தானாகவே தீவின் மணிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கப்பலின் மணிதான் கணக்கு. அதைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல்காரர்களே கூட்டிப்போகும் சுற்றுலாவில் போயிருந்தால் தாமதமானாலும் காத்திருப்பார்களாம். தன் காலில் போனவளுக்குக் கப்பல் நிற்காது. சம்பந்தி நின்றார்.

"காலுறை என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

இன்று முழுக்கக் கடல், கரை இல்லாத நாள். காலைச் சாப்பாட்டின்போது அறிவிப்பின் போனில் மருமகனின் செய்தி. 'பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம்.' அதோடு இணையம் போய்விட்டது. நான் இணையத்துக்குப் பணமே கட்டவில்லை. இருந்தது அவர் போனில் மட்டும்தான்.

முப்பத்தைந்து வாரம்தான் ஆகிறது. அய்யோ. முப்பத்தைந்து வாரம்னா நுரையீரல் — ஒண்ணும் ஆகாது, எனக்குத் தெரியும், எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன். ஆனா என் பொண்ணுக்குன்னு வரும்போது ஒண்ணுமே தெரியல.

வரவேற்பு மேசையில் கப்பல் தொலைபேசி இருந்தது. நான் பேசினேன், "அலோ அலோ" என்பதற்கு மேல் எதுவும் போகவில்லை. இரைச்சல். அறிவிப்பு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். "குழந்தைத் துடிப்பு. எப்படி. இருக்கு. ஒரு வார்த்தையில். சொல்லு." அங்கே அவர் மகன் என்ன சொன்னானோ, இவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொன்னார், எனக்காக. "துடிப்பு சரி. அவளுக்கு ஜுரம் இல்லை. டாக்டர் பக்கத்திலேயே இருக்கார்." அவர் முகத்தில் சலனமே இல்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் பார்த்தேன், அந்தக் கம்பிச் சுருளைத் தன் விரலில் ரத்தம் கட்டுகிற அளவுக்குச் சுற்றியிருக்கிறார்.

ஐந்து மணி நேரம் அந்த மேசைக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தோம். யாரோ பாட்டுக்கு ஏற்றபடி ஆடப் பழக்கிக்கொண்டிருந்தார்கள் — ஒன்று, இரண்டு, திரும்பு.

"நான் ஏன் கப்பலுக்கு ஒத்துக்கிட்டேன் தெரியுமா?" என்றார் திடீரென்று. "நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடக்கூடாதுன்னு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. நானும் அதற்காகத்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு சொன்னார். மகன் பிறந்து நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாராம். அவன் முதல் அடி எடுத்து வைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியுமாம். "அன்னிக்கு அத்தனை வண்டியோட வருகையையும் நான் சொல்லியிருக்கேன். அவன் நடந்தது மட்டும் எனக்கு யாரோ சொன்னது."

நான் என் மகளைக் கடையில், மேசைக்கு அடியில் தொட்டில் கட்டி வளர்த்தேன். ஒரு நாள் கூட என் கண்ணை விட்டு அகன்றதில்லை அவள். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு அந்த மேசைத் தொலைபேசி அடித்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு. அழுகிறதாம், நன்றாகவே அழுகிறதாம். சில நாள் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

கட்டிலுக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேருமே அங்கே இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துத் தட்டை நிரப்பினோம். இனிப்பு மட்டும் ஆறு வகை. அறைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னோம். திரும்பி வந்தபோது அறையில் துண்டால் செய்த குட்டி யானை ஒன்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

கடைசி நாளுக்குப் பெட்டியை முந்தின மாலையே வாசலில் வைக்கச் சொல்வார்கள். நாங்கள் வைக்கவில்லை. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்களை முதலில் இறக்குகிறார்கள் என்று அறிவிப்பு விசாரித்து வைத்திருந்தார். ஏழரைக்குக் கரையில். மாலை நாலுக்கு ஆஸ்பத்திரியில், பெட்டியும் கையுமாக.

மகளைப் பார்த்தோம். வெளுத்திருக்கிறாள், சிரிக்கிறாள். குழந்தை கண்ணாடி அறையில். கதவில் செவிலி கையை நீட்டி மறித்தார்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான். பாட்டி யாரு?"

நான் அவரைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா."

அவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து என்னவோ சொல்கிறார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. நான் நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். "ஏம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்கிறாள் மகள். கடையில் அப்பா ஜுர மாத்திரையை வைட்டமின் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாராம் என்றேன். பொய்யில்லை. ஆனால் அதற்காகப் போகவில்லை.

முதல் மாதம் அறிவிப்புக்கு. அடுத்த மாதம் வருகிறேன்.

மே 11, திங்கள்

கண் சொட்டு மருந்து வாங்க வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் கேட்டார்: "பேத்தி பிறந்திருக்காமே? நீங்க இங்க இருக்கீங்க, பொண்ணுக்குத் துணையா யாரு?"

"எங்க அக்கா இருக்காங்க சார். நல்லா பாத்துக்கறாங்க."

அவர் போனதும் உள்ளேயிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "உனக்கு ஏதுடி அக்கா?"

அலமாரியைத் துடைத்தேன். அப்புறம் மனதுக்குள் வயதைக் கூட்டிப் பார்த்தேன். அறிவிப்பு என்னைவிட மூன்று வயது சின்னவர்.