மெர்சி அக்கா கை நீட்டிய சாமி டைல்

பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற என் மெர்சி அக்காவுக்கு,

உன் இடத்தில் இப்போது செல்வி என்று ஒரு பெண் நிற்கிறாள். எளாவூர்க்காரி. உன்னை மாதிரியே புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள். நிமிரும்போதெல்லாம் அந்தச் சட்டைதான் கண்ணில் படுகிறது. அதற்கு மேலே உன் முகம் இல்லாதது இன்னும் பழகவில்லை அக்கா.

வேலை அதேதான். சென்னையில் இடித்த வீடுகள் லாரி லாரியாக கும்மிடிப்பூண்டிக்கு வருகின்றன. ஓடுகிற பெல்ட்டில் வரும் இடிபாட்டிலிருந்து கம்பி, மரம், பிளாஸ்டிக்கை நாங்கள் பொறுக்கிவிட, மிச்சத்தை பெல்ட் கொண்டுபோய்க் கொட்ட மிஷின் அரைக்கிறது. அந்தத் தூளில் சாம்பலும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து அழுத்தினால் கல். சூளை இல்லை, புகை இல்லை. காற்றைக் கெடுக்காத கல் என்று வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். நல்ல கல்தான். எனக்குத்தான் தொடப் பிடிக்கவில்லை.

இடித்த வீட்டோடு வாசல் சுவரில் பதித்த சாமி டைலும் வருமே. முருகன், லட்சுமி, மாதா. அதை மிஷினில் விட நம் யாருக்கும் மனசு வராது. எடுத்துத் துடைத்து காம்பவுண்டு சுவரோரம் சாய்த்து வைப்போம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீதான் அதில் முதல் ஆள். "ஊட்ட இடிச்சவன் சாமிய அம்போன்னு வுட்டுட்டுப் பூட்டான் பாரு சுமதி. நம்மளும் வுட்டா அது எங்க போவும்?" என்பாய்.

அன்றைக்கு ஒரு முருகன் டைல் உன்னைத் தாண்டி ஓடியது. எட்டிப் பிடித்தாய். டைல் கைக்கு வந்தது, சட்டைக் கை பெல்ட்டை இழுக்கிற உருளையில் சிக்கியது. நான் கத்திக்கொண்டே சுவிட்சுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டைலில் ஒரு கீறல்கூட இல்லை. நீ அதைப் பிடித்தாயே, அது ஏன் அக்கா உன்னைப் பிடிக்கவில்லை?

இப்போது பெல்ட் நெடுக ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். இழுத்தால் உடனே நின்றுவிடும். முன்னாலேயே கட்டியிருக்கலாம், யாரிடம் போய்க் கேட்பது?

அந்த முருகனைச் சுவரோரம் நடுவில் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். "மெர்சி உசுரக் குடுத்துக் காப்பாத்துன சாமி, சக்தி ஜாஸ்தி" என்று பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

போன வாரம் ஒரு மாதா டைல் வந்தது. செல்வி பாய்ந்தாள். நான் கயிற்றை இழுத்துவிட்டேன். உருளைக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு கல் போகிற இடம்தான் இருந்தது.

"இன்னாடி, பைத்தியமா உனுக்கு?"

"மெர்சிக்கா உசுரையே குடுத்தாங்களாமே. நான் பாத்துக்கினு சும்மா இருந்தா பாவமில்லியாக்கா?"

உன் பேரைச் சொல்லித்தான் கை நீட்டியிருக்கிறாள்.

நேராகச் சுவரோரம் போனேன். உன் முருகனை எடுத்து வந்து, பெல்ட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேஸ்திரி தயங்கினார். "பாவம் வந்தா எனுக்கு வரட்டும், ஓட்டுங்க" என்றேன். பெல்ட் ஓடியது. செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். அழுதேன் அக்கா.

அந்தத் தூளில் செய்த கல்லெல்லாம் வேப்பம்பட்டில் யாரோ வீடு கட்டப் போய்விட்டது. அந்த வாசலிலும் புதுசாக ஒரு சாமி டைல் பதிப்பார்கள். ஒருநாள் அந்த வீடும் இடிந்து, அதுவும் லாரி ஏறி இங்கேயே வரும்.

நீ காப்பாற்றியதை நான் அரைத்துவிட்டேன். கோபம் இருந்தால் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் இந்த பெல்ட்டில் நிற்கிறவரைக்கும், எந்தச் சாமி வந்தாலும் சாமிதான் உள்ளே போகும். இன்னொருத்தி கை போகாது. இது உன்மேல் சத்தியம்.

உன் எதிர்ப்பக்கத்துத் தங்கச்சி,
சுமதி