நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்கள்

வைக்கம்,
மிதுன மாதம்.

அன்பு மோள் ரெஜிதாவுக்கு,

வைக்கத்தப்பன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, கிணறு விளிம்புவரை வந்துவிட்டது, அம்மாவின் முட்டிவலி மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால்தான் போகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்ற பயத்தில் காதுக் கருவியைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டு, கூட்டத்தில் மற்றவர்கள் சிரித்தால் புரியாமலே நீயும் சிரித்து, தப்பாகக் கேட்டுத் திட்டும் வாங்கியதாக எழுதியிருந்தாய் அல்லவா, அன்று முதல் அம்மாவுக்கு உறக்கமே இல்லை. அதனால்தான் நேற்று உன் சேதி வந்ததும், மேலதிகாரியிடம் எல்லாம் சொல்லிவிட்டாய், இனிமேல் ஒருவர் பின் ஒருவராக உன் முகம் பார்த்துப் பேசுவார்கள், பேச்சு திரையில் எழுத்தாகவும் ஓடும் என்று தெரிந்ததும், என் போனைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். "இத்தன நாள் எதுக்குப் பயந்துச்சு இந்தப் பொண்ணு? கோட்டயத்துல அந்தப் பேச்சு பேசினவதானே!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

அவள் சொன்னதும் எனக்கும் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது மோளே. கோட்டயத்தில் உன் கல்லூரிக்கு ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தார்கள், பிள்ளைகள் எல்லாம் இஸ்திரி மடிப்பு கலையாமல் விறைத்து நிற்க, நீ மட்டும் பருப்பு வடையைக் கடித்துக்கொண்டு நின்றாய். உன்னை உள்ளே கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஓர் அதிகாரி வராந்தாவுக்கு வந்து, "உங்க மகளால ஆபீஸ் வேலையெல்லாம் சமாளிக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டார். "அவ உள்ளதானே சார் இருக்கா, அவகிட்டயே கேளுங்க" என்றேன். அவர் உள்ளே போனதும் நாற்காலிகள் இழுபடும் சத்தம், என்னவோ ஏதோ என்று எழுந்து கதவருகே போனேன். நீயோ சிரித்துக்கொண்டே வந்தாய். "அச்சா, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தாங்க, மூஞ்சி இருட்டு, உதடே தெரியல. நாற்காலிய இந்தப் பக்கம் போட்டுக்கிட்டா நீங்க கேக்கறது எனக்குப் புரியும்னேன். மூணு பேரும் தூக்கிட்டு வந்தாங்க!" அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் திரும்பிவந்த பஸ்ஸில் பாதி வழி சிரித்தோம், மீதி வழி என் தோளில் தூங்கினாய். அதற்கப்புறம் எத்தனை இடத்தில் கைவிரித்தார்கள், ஒவ்வொருவரும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்கள். நேற்று உன் சேதியில் அதை மறுபடி கேட்டேன்.

நீ மேலதிகாரியிடம் சொன்னதற்கு மறுநாள் தேநீர் நேரத்தில் உன் பக்கத்து மேசை லிமயே சார் வந்து, "எனக்கும் வலது காது சுத்தமா கேக்காதும்மா, இங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதுதான் மனதிலேயே நிற்கிறது. தலை நரைத்த மனுஷர், எத்தனை கூட்டத்தில் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. அவரை அவசரப்படுத்தாதே, அவராகச் சொல்லும் நாள் வரட்டும்.

கருவியை மழையில் நனைக்காதே. எடுத்த காரியமெல்லாம் கூடிவந்து நிறைவாய் இரு மோளே, அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். நேந்திரங்காய் வறுவல் இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன், ஒன்று லிமயே சாருக்கு. கொடுக்கும்போது அவருக்கு இடது பக்கமாக நின்று பேசு.

உன் அச்சன்,
ஸ்ரீதரன்