பலவீனமான பரிந்துரை

விம்மெரா,
மார்ச் 9

அன்புள்ள நெரிடாவுக்கு,

மெல்போர்னில் வேலை வேலை என்று ஓடாமல் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம். இங்கே மழை இல்லை. தக்காளி மட்டும் காய்த்துத் தள்ளுகிறது, பாட்டிலில் அடைத்து மாளவில்லை.

கிளெமுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் முடிந்துவிட்டது. கால் பரவாயில்லை, தடி ஊன்றி நடக்கிறார். பேச்சுதான். ஆட்டுச் சந்தையில் மூச்சு விடாமல் ஏலம் விட்ட மனிதர், டீ வேண்டுமா என்றாலும் "ஆமா" என்கிறார், வேண்டாமா என்றாலும் "ஆமா" என்கிறார். போன வாரம் சமையலறையில் நின்று என்னைப் பார்த்து "லின்" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு என் பெயர் அவர் வாயில் வந்தது அப்போதுதான். கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி மேலாளர் கூப்பிட்டார். "பேச்சுப் பயிற்சி இந்த வாரத்தோட சரிங்க. பக்கவாத சிகிச்சைக்குப் புதுசா வரப்போற வழிகாட்டியோட வரைவுல, ஆறு மாசத்துக்கு மேலன்னா பலவீனமான பரிந்துரைன்னு போட்டிருக்கு. நாங்க என்ன பண்றது?" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அதை எழுதிய குழுவின் தலைவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது.

இது என்னடி கூத்து?

உன் அக்கா,
லினெட்


மெல்போர்ன்,
மார்ச் 15

அன்புள்ள அக்கா,

அத்தான் உன் பெயரைச் சொன்னார் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் மேலாளர் செய்தது மடத்தனம். அது வரைவு, இன்னும் முடிவாகவில்லை. பலவீனம் என்றால் கொடுக்காதே என்று அர்த்தமில்லை. ஆதாரம் குறைவு, நோயாளியோடு கலந்து முடிவெடு என்றுதான் அர்த்தம். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக இருக்கிறது. ஆதாரம் ஏன் குறைவு தெரியுமா? பேச்சு அடியோடு போனவர்களை ஆய்வுகளில் சேர்ப்பதே அரிது. சம்மதப் படிவம் அவர்களுக்குப் புரியாது என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி தரலாமா என்ற கேள்வி குழுவில் விவாதத்துக்கு வந்தபோது நான் அறையில் இல்லை. முடிவால் நம் குடும்பத்தில் ஒருவருக்குப் பலன் இருந்தால் எழுந்து வெளியே போக வேண்டும், அதுதான் விதி. அத்தானைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே போனேன். வாக்கெடுப்பு முடிந்துதான் கூப்பிட்டார்கள். உறுதியான பரிந்துரை ஒரு வாக்கில் தோற்றிருந்தது.

கோபப்படாமல் யோசித்துப் பார், அக்கா.

அன்புடன்,
நெரிடா


விம்மெரா,
மார்ச் 21

நெரிடா,

கோபப்படாமல் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. கோபத்தோடே எழுதுகிறேன்.

எழுந்து வெளியே போனாயாக்கும். கிளெமும் தன் ஆட்டைத் தானே ஏலம் விடமாட்டார். ஏலச் சுத்தியலை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார், சந்தையில் அதுதான் வழக்கம். ஆனால் பட்டியோரம் நின்று, "இது மேட்டு நிலத்துல மேஞ்சது. குளம்புல கொஞ்சம் புண்ணு இருக்கு, பாத்து வாங்குப்பா" என்று உள்ளதைச் சொல்வார். ஓட்டுப் போடாதே, சரி. வாயையுமா பூட்டினார்கள்?

உங்கள் குழுவில் பக்கவாதம் வந்து தேறிய ஒருவர் இருக்கிறாரே, அவர் நன்றாகப் பேசுவார், இல்லையா? பேச வராதவரைக் கூப்பிட்டால் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். ஆய்விலும் சேர்ப்பதில்லை, குழுவிலும் சேர்ப்பதில்லை, கடைசியில் ஆதாரம் இல்லை என்று எழுதிவிடுகிறீர்கள். வாயில்லாப் பூச்சியை மிதிப்பது சுலபம்தானே.

செவ்வாய்க்கிழமை பயிற்சி நாள். கிளெம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே பயிற்சி இல்ல, கிளெம். நிறுத்திட்டாங்க" என்றேன். "ஆமா" என்றார். காரை விட்டு இறங்கவில்லை.

அந்த மனிதரை இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது நான். நீ இல்லை.

லினெட்


மெல்போர்ன்,
மார்ச் 28

அக்கா,

நீ பேசுவது அநியாயம். இந்த வழிகாட்டிக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நான் வாய் திறந்திருந்தால், "அந்தம்மா குடும்பத்துக்காக எழுதுனது" என்று ஒரே ஆள் சொன்னால் போதும், மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும். நடக்க முடியாதவர்கள், விழுங்க முடியாதவர்கள், எல்லோருக்கும் எழுதியது.

வாயைப் பூட்டினார்களா என்று கேட்டாய். இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடம் பேச விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அதற்கு மேல் என்னைக் குடையாதே.

வரைவு பற்றிப் பொதுமக்கள் யாரும் கருத்துச் சொல்லலாம். எழுதிக் கேட்டால் மே மாதக் கூட்டத்தில் நேரில் வந்து பேசப் பத்து நிமிடம் தருவார்கள். மறு வாக்கெடுப்பும் அன்றுதான். நீ வருவதானால் வா. ஆனால் அங்கே எல்லோர் முன்னாலும் என்னைத் தங்கை என்று கூப்பிட்டுவிடாதே.

நெரிடா


விம்மெரா,
ஏப்ரல் 4

தலைவர் அவர்களுக்கு,

மே மாதக் கூட்டத்துக்கு நானும் என் கணவரும் வருகிறோம். நீங்கள் சொன்னபடி தங்கை என்று கூப்பிடமாட்டேன். இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன்.

பேசப்போவது நான் இல்லை, கிளெம். பத்து நிமிடம் அவருக்குப் போதாது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்க வேண்டும். அவர் திணறும்போது இரக்கப்பட்டு யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆதாரம் குறைவு என்று எழுதினீர்கள், ஆதாரத்தையே கூட்டிக்கொண்டு வருகிறேன். எல்லோரும் நன்றாகப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடட்டும்.

அவர் தொடங்குவதற்கு முன் விதிப்படி நீங்கள் எழுந்து வெளியே போவீர்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். வெளியே ஆள் நடமாடும் சத்தம் கேட்டால் அவருக்குச் சொல் வராது.

இப்படிக்கு,
திருமதி லினெட் ஹார்ட்விக்