மாத்திரை டப்பா இப்போது பிளெஸ்ஸியிடம் இருக்கிறது

என் அன்பான பிளெஸ்ஸி அப்பாவுக்கு,

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் பூ வைத்து, ஜெபம் செய்து, நல்ல செய்திகளை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். உங்கள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். இதெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன காரியம் நம் வீட்டில் நடந்துவிட்டது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்று பிளெஸ்ஸிதான் சொன்னாள்.

அவளுக்குப் பதினொரு வயதில் முதல் வலிப்பு வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. சிட்லபாக்கம் வீட்டின் சமையலறையில் தட்டோடு விழுந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "ஸ்டெல்லா, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். உன் தங்கச்சிக்குக்கூடத் தெரிய வேணாம். நாளைக்கு இவளுக்கு ஒரு வாழ்க்கை அமையணும்." உங்கள் சித்தியை இதே நோய்க்காகக் கல்யாணமான மூன்றாம் மாதம் திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பயம் உங்களுக்கு. நானும் சரி என்றேன். சபையில் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன்.

நீங்கள் போன பிறகு அந்தப் பயம் முழுவதும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. காலை எட்டுக்கு ஒரு மாத்திரை, மாலை எட்டுக்கு ஒரு மாத்திரை. நானே எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியே எனக்கு மூச்சு நிற்கும். பதினேழு வயதுப் பெண்ணிடம் குளிக்கும்போது பேசிக்கொண்டே இரு என்று சொன்ன ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன்.

போன ஜூனில் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "நீ என்ன மாத்திரை சாப்பிடுறே? பேரு சொல்லு" என்று கேட்டார். பிளெஸ்ஸி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "எவ்ளோ பவர்?" மறுபடியும் என்னைப் பார்த்தாள். மறுபடியும் நான்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், அடுத்த வருஷம் இவ பெரியவங்க பிரிவுக்குப் போகணும். அங்க யாரும் அம்மாகிட்ட கேக்க மாட்டாங்க. இனிமே மாத்திரையை இவளே பாத்துக்கட்டும். நீங்க பக்கத்துல இருக்கும்போதே பழகட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் ஏழு நாளுக்கு ஏழு அறை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அவள் கையில் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர விடவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதும் திறந்து எண்ணிப் பார்ப்பேன். மூன்றாம் வாரம் பிடித்துவிட்டாள்.

"அம்மா, நீ எண்ணிக்கிட்டேதான் இருப்பேன்னா, இதை நீயே வெச்சுக்கோ."

அவள் முகத்தில் கோபமில்லை. அசிங்கப்பட்டவள் மாதிரி நின்றாள். அதோடு எண்ணுவதை விட்டேன். பயத்தை மட்டும் விட முடியவில்லை.

ஜூலையில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "கிளாஸ்ல என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லட்டுமா? எனக்கு வந்துச்சுன்னா அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியணும்ல?" "அப்பா என்ன சொல்லியிருக்காரு? மறந்துட்டியா?" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தாள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. விட்டுவிட்டு மழை. நான் ஆபீசில் இருந்தேன். மாலை நாலரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஆன்ட்டி, நான் நஸ்ரின். பிளெஸ்ஸியோட ஃபிரெண்ட். பயப்படாதீங்க. அவளுக்கு ஃபிட்ஸ் வந்து நின்னுடுச்சு. சானடோரியம் ஸ்டேஷன்ல இருக்கோம். மூச்சு நல்லா விடறா."

ஆட்டோவில் ஏறியது நினைவிருக்கிறது. ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. தண்டவாளம் எவ்வளவு பக்கத்தில் இருக்கும், பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றிருந்தாளோ, நஸ்ரின் என்னிடம் பொய் சொல்கிறாளோ என்று நினைத்து நினைத்து, கடைசியில் ஜெபத்தில் கர்த்தாவே என்ற முதல் வார்த்தைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. பாதி வழியில் இறங்கி மழையில் ஓடினேன்.

சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள் நம் மகள். தலைக்குக் கீழே புத்தகப் பை. வலிப்பில் தன்னையறியாமல் சிறுநீர் போய் உடை நனைந்திருந்ததை யாரும் பார்க்கக்கூடாது என்று நஸ்ரின் தன் ரெயின்கோட்டால் இடுப்பு வரை மூடியிருந்தாள். அவளும் அதே வயதுச் சின்னப் பெண். கையில் சாவிக்கொத்தோடு ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "நானும் சொல்லிகினே கீறேன்மா, சாவிய கையில குடுன்னு. இந்தப் பொண்ணு கிட்டவே வுடமாட்டேன்றா."

"அதெல்லாம் வேணாம்ணா, காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்றாள் நஸ்ரின். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் ஆன்ட்டி. நான் டைம் பாத்தேன். அஞ்சு நிமிஷம் தாண்டியிருந்தா ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன்."

"உனக்கு யாரும்மா இதெல்லாம் சொன்னது?"

"பிளெஸ்ஸிதான். ஜூலையிலயே எங்க நாலு பேருக்கும் சொல்லிக் குடுத்தா. வாயில எதுவும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு."

அந்த நிமிடம் எனக்கு வந்தது நன்றி இல்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன். நாலு வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. மகள் தரையில் கிடக்கிறாள், நான் ஊர் வாயை நினைத்துப் பயப்படுகிறேன். எப்படிப்பட்ட தாய் நான்?

மறுநாள் அவளே வந்து ஒப்புக்கொண்டாள். டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டே இருந்ததில் ஞாயிறு மாலை மாத்திரை மறந்துவிட்டது, திங்கள் காலை அவசரத்திலும் விட்டுவிட்டாள்.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போன பிறகுதான் ரெண்டு வேளையும் விட்டது ஞாபகம் வந்துச்சு. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சும்மா. டப்பாவைப் பிடுங்கிடுவேன்னு."

அவள் பயந்தபடியே பிடுங்கினேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுபடியும் வாயைத் திற என்றேன். மூன்று நாள் திறந்தாள். நாலாம் நாள் காலை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டருக்கு நானே போன் பண்ணி, ரெண்டு வேளை விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். மறந்தா என்ன பண்ணணும்னு கேட்டு எழுதி வெச்சிருக்கேன். அலாரம் வெச்சிருக்கேன். தப்பு என்னுதுதாம்மா."

"அப்புறம் நாலு பேருக்குச் சொன்னியே? அப்பா..."

"அப்பாவைக் குறை சொல்லலம்மா. ஆனா அன்னிக்கு பிளாட்பாரத்துல அப்பா இல்ல. நீயும் இல்ல. நஸ்ரின்தான் இருந்தா."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நாம் மறைத்ததெல்லாம் அவளுக்காக என்றுதான் நம்பினோம். ஆனால் நாம் சொன்னபடி அவள் கேட்டிருந்தால், அன்றைக்கு அவளைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. சொல் பேச்சைக் கேட்காததால்தான் நம் மகள் பிழைத்தாள். இதை உங்களிடம் சொல்லத்தான் எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று.

பீரோவைத் திறந்து டப்பாவைக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் தங்கைக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதாள். "ஆறு வருஷமா நீ மட்டும் எப்படிக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் மகளுக்கு வரன் பார்க்கும் இடத்தில் இதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு பிளெஸ்ஸிக்கு வலிப்பு வரவில்லை. ஆனால் இனி வராது என்று யார் எழுதித் தருவார்கள்?

இப்போது மேஜை மேல் ஒரு படிவம் இருக்கிறது. திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலக் குறை ஏதேனும் உண்டா என்று ஒரு கேள்வி. 'உண்டு' என்று தன் கையெழுத்தில் எழுதி, நோயின் பெயர், மாத்திரையின் பெயர், பவர், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் வரிசையாக நிரப்பியிருக்கிறாள். பெற்றோர் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு நாளாக நான் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவளும் கேட்கவில்லை. சாப்பிடும்போது ஒரு தடவை படிவத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

திருச்சியில் குளியலறைக்கு வெளியே யார் நிற்பார்கள்? அங்கே ஒரு நஸ்ரின் கிடைப்பாளா? தெரியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. நானும் ஒரு நாள் உங்கள் பக்கத்தில் வந்து படுக்க வேண்டியவள். அதற்குப் பிறகு அவள் வாழ வேண்டிய வருடங்கள் நிறைய இருக்கின்றன.

நாளைக் காலை கையெழுத்துப் போட்டுவிடுவேன். பயம் போன பிறகு போடலாம் என்று காத்திருந்தால் அந்தத் தாள் மஞ்சளாகிவிடும். பயத்தோடேயே போடுகிறேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் பேச்சை மறுபடியும் மீறுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகளை அனுப்பி வைக்கப் போகிற,
பிளெஸ்ஸியின் அம்மா
ஸ்டெல்லா