வீல் கப் நான்கும் என்னிடம் இருக்கின்றன

இன்று காலை உறுதியான செய்தி இது: சக்கரங்கள் நான்கும் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டன. சொன்னவர் தஞ்சாவூர் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ரசீது எண்ணைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "லோடு ஏறிடுச்சு சார், நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கலாம்" என்றார். சக்கரம் விற்ற கடைக்காரரையும் ஒரு முறை கேட்டுக்கொண்டேன். கறுப்பு நிறம், ஐந்து ஆரக்கால், விளிம்பில் மட்டும் வெள்ளி வளையம். நீங்கள் ஆசைப்பட்டது அதுதான்.

இதை எழுதுகிற மேசையில் பழைய வீல் கப் நான்கும் இருக்கின்றன. நேற்று உங்கள் மகள் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றின் உள்பக்கம் கிரீஸில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அறையெல்லாம் அந்த வாசனை.

'நீங்கள்' என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரே வகுப்பில் படித்தோம். நான் உங்களை 'வாடா' என்பேன். நீங்கள் என்னை 'வாங்க' என்பீர்கள். தலை நரைத்த பிறகும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். அதை நட்பின் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். ஊரில் யாரும் அப்படி நினைக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடும்; தொழில் அப்படி.

அந்த கான்டெஸா கார் என் பெரியப்பா வாங்கியது. நீளமான பானெட், வெள்ளை நிறம், பளபளக்கும் வீல் கப். உங்கள் அப்பா பெரியப்பாவின் பண்ணையில் ஆள். அறுவடை நாட்களில் சாலை நெடுகக் கதிரைப் பரப்பிவைப்பார்கள். போகிற வண்டியெல்லாம் மிதித்துப்போகும். கார் வீடு திரும்பும்போது அச்சில் வைக்கோல் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா தரையில் படுத்து அதை உருவி எடுப்பார். பிறகு கப்புகளைத் துடைப்பார். பெரியப்பா குனிந்து பார்ப்பார். தன் முகம் அதில் தெரிந்தால்தான் உங்கள் அப்பா வீட்டுக்குப் போகலாம்.

பெரியப்பா போன பிறகு வண்டி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. வளைகுடாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, அறுவடை இயந்திரங்கள் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நீங்கள் அதை வாங்கினீர்கள். எஞ்சினை மாற்றினீர்கள். உயரத்தைக் குறைத்தீர்கள். வெள்ளையைக் கறுப்பாக்கினீர்கள். சைலன்சர் மாற்றியதில் அது உறுமிக்கொண்டு வருவது வெண்ணாற்றுப் பாலத்திலேயே கேட்கும்.

அப்படியும் மேலத்தெரு டீக்கடையில் ஒரு பெரியவர், "பண்ணை வண்டி சத்தமே மாறிப்போச்சே" என்றார்.

"பண்ணை வண்டி இல்லண்ணே. என் வண்டி" என்றீர்கள்.

"ஆமாமா, இப்ப நீதானே ஓட்டுற."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் பக்கத்தில் வயல் கைமாறினாலும் பெயர் மாறாது. கிரயமாகி இரண்டு தலைமுறை ஆன நிலத்துக்கும் விற்றவர் பெயர்தான். இது தெரியாதவனில்லை நான். தஞ்சாவூரில் இத்தனை வருடம் நிருபராக இருந்து, நிலத்தகராறு எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

அன்று திரும்பும் வழியில்தான் சக்கரப் பேச்சை எடுத்தீர்கள். "பெயிண்ட் மாத்தியாச்சு, எஞ்சின் மாத்தியாச்சு. இன்னும் பண்ணை வண்டிங்கறான். அந்தக் கப்பைப் பாத்துத்தான் சொல்றான். கப்பே இல்லாத அலாய் வீல் போட்டுடலாம்னு பாக்குறேன். அஞ்சு ஸ்போக்கு, கறுப்பு. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரிஜினலைக் கெடுக்காதடா. அலாய் போட்டா மைனர் வண்டி மாதிரி ஆயிடும்" என்றேன். அகலச் சக்கரம் மட்கார்டில் உரசும் என்றும் சொன்னேன். அடுத்த வாரமே சக்கர அளவில் அட்டை வெட்டிவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துக் காட்டினீர்கள். எங்கும் உரசவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ரசனை என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் அட்டையை மடித்துக்கொண்டே, "அந்தக் கப்பைப் பாத்தா எங்கப்பா ஞாபகம் வருது" என்றீர்கள்.

"அப்புறம் என்ன, அதையே வச்சுக்க" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கி எழுதிப் பிழைத்தவன் நான். அன்று அந்த வாக்கியத்தை முழுக்கத் தலைகீழாக வாங்கிக்கொண்டேன்.

இருந்தாலும் ஆசை விடாமல் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் கடைக்குப் போனோம். நீங்கள் ஓட்டினீர்கள். இஸ்திரி போட்ட புதுச் சட்டை, என்னுடையதைவிட நல்ல சட்டை. கடைக்காரர் நேராக என்னிடம் வந்து நாற்காலி போட்டு, படப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "சாருக்கு எந்த டிசைன்? டிரைவர்கிட்ட சொல்லி வண்டியைக் கொஞ்சம் உள்ள எடுக்கச் சொல்லுங்களேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

செய்தியில் ஒருவருடைய இனிஷியல் தவறினாலும் மறுநாள் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் நின்றவன். அந்த இடத்தில் மூன்று சொல் போதும். சொல்லவில்லை. நீங்கள் போய் வண்டியை உள்ளே எடுத்துவிட்டு வந்து ஓரமாக நின்றீர்கள். கடைக்காரர் காட்டியதையெல்லாம் நான்தான் பார்த்தேன். "பழசே இருக்கட்டும், கப்புக்கு மட்டும் பாலிஷ் போட்டுக் கொடுங்க" என்றதும் நான்தான். வண்டி உங்களுடையது.

திரும்பும்போது தஞ்சாவூர் தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினீர்கள். பிறகு, "நல்லவேளை, கிளீனர்னு சொல்லாம விட்டான்" என்றீர்கள். நான் உரக்கச் சிரித்தேன். அத்தோடு முடிந்தது என்று நிம்மதிப்பட்டேன். அதன்பின் நீங்கள் சக்கரத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

சென்ற ஆண்டு மாரடைப்பில் நீங்கள் போனபோது வண்டி உங்கள் வாசலில் நின்றது. துக்கத்துக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பண்ணையிலேர்ந்து யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். உங்கள் வீட்டு வாசல், உங்கள் வண்டி, உங்கள் சாவு. நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் திருத்தவில்லை.

உங்கள் மகள் இப்போது பக்கத்து ஊரில் கால்நடை மருத்துவர். போன மாதம் போன் செய்தாள். "அங்கிள், அப்பாவோட வருஷத்துக்கு வண்டியை எடுத்து ஓட்டணும். அவரு ஒரு வீல் போடணும்னு சொல்லிட்டே இருப்பாரு. நீங்க ஒத்துக்கிட்டா போடலாம்னு சொல்வாரு. எது அங்கிள் அது?"

நீங்கள் போன பிறகும் என் ஒப்புதல் தேவைப்படுகிறது. அதைவிடக் கேவலம், ஒரு கணம் என் வாயில் 'ஒரிஜினல்' என்ற சொல் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, ஐந்து ஆரக்கால், கறுப்பு என்று சொன்னேன்.

அதே கடைக்குத்தான் போனோம். அவள் ஓட்டிவந்தாள். கடைக்காரர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். டிரைவர் வரலையா?"

"எந்த டிரைவர்?" என்று அவள் கேட்டாள்.

இந்த முறை சொன்னேன். "அவர் டிரைவர் இல்லைங்க. வண்டியே அவருடையதுதான். இவங்க அவரு பொண்ணு. அவரு தவறிட்டாரு."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். நான் அவர்கிட்டல்ல புஸ்தகத்தைக் கொடுத்திருப்பேன்" என்றார். அவர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவள் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தை வாங்கி, பக்கம் புரட்டி, விரல் வைத்துக் காட்டினாள். பழைய வண்டிக்குப் போல்ட் இடைவெளி வேறு என்பதால் கோயம்புத்தூரில் செய்துதான் வர வேண்டும் என்றார்.

வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா அன்னிக்கு என்ன சொன்னாரு?"

கிளீனர் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மாகிட்டகூட இதைச் சொல்லல" என்றாள்.

நேற்று சாக்கை மேசைமேல் வைத்துவிட்டு, காபி வேண்டாம் என்றுவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "இது உங்க வீட்டுச் சாமான் அங்கிள். உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கப்பில் இப்போது என் முகம் தெரிகிறது. பாலிஷ் நான் போடச் சொன்னதல்லவா, நன்றாகவே தெரிகிறது. அந்த வைக்கோல் துணுக்கை எடுக்கப் பார்த்தேன். கிரீஸ் இறுகிப்போய் வரவில்லை. விட்டுவிட்டேன். இவை நான்கும் இந்த மேசையிலேயே இருக்கும். யாராவது என்ன இது என்று கேட்டால், உங்கள் அப்பாவிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மற்றபடி, சக்கரங்கள் நாளை மதியம் தஞ்சாவூர் வரும். வெள்ளிக்கிழமை மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு உங்கள் முதலாண்டு. காலையில் மேலத்தெரு வழியாக ஆற்றுக்கு ஓட்டிப்போகப் போவதாக அவள் கடைக்காரரிடம் சொன்னதைக் கேட்டேன். என்னை வண்டியில் ஏறச் சொல்லவில்லை. நான் டீக்கடை வாசலில் நிற்பேன். சத்தம் பாலத்திலேயே கேட்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது பண்ணை என்று சொன்னால் திருத்துவதற்கு நான் இருப்பேன். திருத்தாமலே அவர்கள் உங்கள் பெயரைச் சொல்வார்களா என்பது ஞாயிறு காலையில்தான் தெரியும்.