தார்ப்பாய் நூலில் தைத்த போர்வை

எங்கள் வீட்டு வாலுக்கு,

நானும் உன் அத்தையும் நலம். நலம் என்றால், அவளுக்கு முழங்காலும் எனக்கு மானமும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும், உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும் சின்ன எஜமானரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, நீ போன நாளிலிருந்து சொட்டிய தண்ணீரில் ஒரு கப்பலே விடலாம். மழை வருமுன் தார்ப்பாய் வேண்டுமென்று லாரிக்காரர்கள் மொத்தமாகப் பட்டறைக்கு வந்து நிற்கிறார்கள், நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்தால் தட்டைத் தூக்கக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்தால் நீ முதலில் மழை வருமா மாமா என்று பேச்சுக் கொடுப்பாயே, இதுவும் அதேதான். நான் ஒன்றைக் கெடுத்துவிட்டேன் கண்ணு.

உன் போர்வை விஷயம். பிறக்கப்போகும் குழந்தையை என் அம்மா துணியில் சுற்ற வேண்டும் மாமா என்று நீ கேட்டதும் அத்தை பெட்டியைத் திறந்தாள். உன் எட்டு வயதில் அக்கா போனபின் நாங்கள் மடித்துவைத்த ஏழு உடுப்புகள், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வெளிச்சம் பார்த்தன. அத்தை அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்தாள், அதற்கடியில் பஞ்சு, அதற்கும் அடியில் ஒரு வெள்ளைத் துணி, மூன்றையும் பிடித்துத் தைக்கப் பருத்தி நூல் வாங்கி வாருங்கள் என்றாள். யாரிடம் சொல்கிறாள்? முப்பது வருஷமாகப் புயலையே கட்டிப்போட்டவனிடம். பருத்தி நூலாவது ஒன்றாவது, குழந்தை ஒரு உதை விட்டால் அறுந்து போகும் என்றது என் மேதாவித்தனம். கடைப் பக்கமே போகாமல், பட்டறையில் இருந்த மெல்லிய நைலான் நூலை, யானை இழுத்தாலும் அறாத நூல், ஒரு காலிப் பருத்தி நூல்கண்டின் கட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். வழுக்குகிறதே என்றாள். இப்போது வருவதெல்லாம் இப்படித்தான் என்று கூசாமல் சொன்னேன். பாவம், அதை நம்பி இருபது நாள் முதுகு ஒடியத் தைத்தாள்.

முடித்து அலசப் போட்டோம். பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனமாகக் கிடந்தது, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தபால்தலைத் தாள் ஓட்டை வழியே நேராகக் கிழியுமே, அப்படித் தையல் போன தடத்திலேயே துணி வாயைப் பிளந்தது. ஒன்பது இடம். என் நூலுக்கு ஒரு கீறல் இல்லை, பளபளவென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அத்தை அதை விரல் நுனியில் உருட்டிப் பார்த்தாள், அவளுக்கு விளங்கிவிட்டது. கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "தார்ப்பாய் கிழிஞ்சா வேற வாங்கலாங்க. இது கிழிஞ்சா யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றாள்.

பிறகு எட்டு நாள் பிரித்தோம். உருவினால் துணி போய்விடும், ஒவ்வொரு தையலாகக் கத்தரி நுனியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பட்டறையில் பகலெல்லாம் தைப்பது, வீட்டில் வந்து பிரிப்பது, இந்த ஜென்மத்துக்குப் போதும் என்றாகிவிட்டது. பிரித்து முடித்து இரண்டு பேருமாக நூல்கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாள் முதலில் கேட்டது நூலைப் பற்றியே இல்லை, துணிக்கு என்ன வயது என்றுதான். சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பருத்திக்குப் பருத்திதான் போட வேண்டுமாம், அதுவும் துணியைவிடக் கொஞ்சம் சோனியாக இருக்க வேண்டுமாம், பாரம் விழுந்தால் நூல் அறுந்து துணியைக் காப்பாற்ற வேண்டுமாம். அத்தை மிச்சத் துணுக்குகளில் நாலு தினுசு நூலைத் தைத்து இழுத்துப் பார்த்தாள். முதல் மூன்று நூலும் துணியைக் கிழித்தன, நாலாவது பட்டென்று அறுந்தது. ஒரு நூல் அறுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பேரை அந்தக் கடை பார்த்திருக்காது. சாம்பல் நிறமாக எடுத்தோம், ஏழு உடுப்பின் நிறத்தோடும் அது சண்டை போடாது.

எலி கடித்துவிட்டது என்று உனக்கு எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "இத்தனை நேராக் கடிக்க எலி என்ன டெய்லரா? பார்சலுக்கு முன்னாடி உங்க கடிதம் போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். எட்டுச் சதுரங்களைப் பின்பக்கம் மெல்லிய துணி கொடுத்து அத்தை தேற்றிவிட்டாள், தழும்பு தெரியும், தெரியட்டும் என்கிறாள். ஒன்பதாவது, அந்த நீலப்பூப் போட்டது, தேறவில்லை. அந்த உடுப்பில் வேறு துண்டும் மிச்சம் இல்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, நாற்காலிமேல் ஏறி எதையும் எடுக்காதே, மாப்பிள்ளை உயரம் எதற்கு இருக்கிறது. போர்வையை முறுக்கிப் பிழியாதே, ஈரமாக இருக்கும்போது நடுவில் கை கொடுத்துத் தூக்கு. பார்சலின் மூலையில் ஒரு சாம்பல் நூல்கண்டு இருக்கும், தையல் அறுந்தால் பயப்படாமல் அதிலேயே போட்டுக்கொள். தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

மூன்றாவது வரிசையில் மஞ்சள் கட்டம் போட்ட சதுரம் ஒன்றைப் பார்த்து இது யாருடையது என்று நினைப்பாய். அது என் சட்டை. முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, ஜன்னல் திரையை ஏண்டா மாட்டிட்டு வந்தே என்று உன் அம்மா மூன்று நாள் சிரித்தாள். இப்போது நாலு பக்கமும் அவள் துணி, நடுவில் அந்தத் திரை. சிரித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதவி பறிபோன தார்ப்பாய்ச் சக்கரவர்த்தி,
உன் மாமா