பீடத் துணியும் வாழப்பாடிக் கார்டும்

ஆகஸ்டு 8, திங்கள்

மூடாக்கு. ஏற்காட்டு மலை தெரியவில்லை. மழையும் இல்லை. துணி காயாது.

மகன் அந்தோணி காலை ஆறுக்கே மேச்சேரிப் பக்கம் முகாம் கிளம்பினான். தாசில்தார் உத்தரவு. வர அடுத்த புதன் ஆகும். கம்பளியை மறந்துவிட்டான். நேற்றே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னது நான். ஏசியது மருமகளை. "புருஷன் சாமானைப் பார்த்து வைக்கத் தெரியாதா?" சவேரி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வாரம்:
– கோயில் பீடத் துணிக்கு லேஸ். இரண்டரை கெஜத்தில் ஒன்றரை ஆயிற்று. நாளுக்கு ஆறு அங்குலம் பின்னினால் சனிக்கிழமை முடியும். 15 மாதா திருநாள்.
– கப்பல் கதை. வக்கீல் வீட்டுப் புத்தகம். அட்டையும் முதல் தாளும் இல்லை, பெயர் தெரியாது. 140 பக்கம் பாக்கி.
– பேத்தி பிலோமினாவின் பள்ளிக் கவுன், மடிப்பு இறக்க வேண்டும்.
– மிளகாய் (வெயில் வந்தால்).
– பாவசங்கீர்த்தனம் (சுவாமியாரிடம் பாவம் சொல்ல), சனி மாலை.

கான்வென்டு மதர் போன மாதம் சொன்னது: "உங்கள் கைக்கு இந்த ஜில்லாவில் ஜோடி கிடையாது." பக்கத்தில் ஞானம் டீச்சர் நின்றாள். அவள் காதில் விழுந்ததில் எனக்குப் பரம திருப்தி. இதையும் சனிக்கிழமை சொல்ல வேண்டும்.

லேஸ் 6 அங்குலம். கதை 20 பக்கம். கவுன் தொடவில்லை.

ஆகஸ்டு 9, செவ்வாய்

தூறல். மு.ப. 11க்குத் தபால்காரர். சவேரிக்கு வாழப்பாடியிலிருந்து கார்டு. அவள் தம்பி சூசை எழுதியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிறந்த வீட்டுக் கார்டு வந்தால் நான்தான் வாசித்துச் சொல்வது, பத்து வருஷமாக. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

நான் அப்போது லேஸில் ஒரு திராட்சை இலையின் நடுவில். 112 கண்ணி எண்ணி வைத்திருந்தேன். எண்ணிக்கை மறக்காமல் வாசிக்கப் பார்த்தேன். இரண்டு மழை. கடலைக் கொடி தேவலை. சிவப்பு மாடு கன்று போட்டது, கிடாரி. அப்புறம்:

"அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. உடனே வந்து பார்த்துவிட்டுப் போகவும்."

இந்த இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், "அத்தைக்கும் மச்சானுக்கும் தோத்திரம்" என்று முடித்தேன்.

யோசித்துச் செய்ததல்ல. கண் அங்கே நின்றது. அந்தோணி ஊரில் இல்லை. அவளைத் தனியாக பஸ் ஏற்ற முடியாது. நான் கூடப் போக வேண்டும். போனால் நாலு நாள். லேஸ் என்ன ஆவது? அவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள். காய்ச்சல்தானே, திருநாள் பூசை முடிந்து 16ஆம் தேதி போகலாம் என்று மனசு சொன்னது.

சவேரி கேட்டாள்: "அம்மாவப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா அத்தை?"

"எல்லாரும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறான்."

விட்டது போதாதென்று ஒரு வரி சேர்த்தும் ஆயிற்று.

"கெடாரியா! அப்ப எங்கம்மா ஒரு வாரத்துக்குக் கால் தரையில பாவாது," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

கார்டைக் கப்பல் கதைக்குள் வைத்தேன். லேஸ் 6 அங்குலம்.

ஆகஸ்டு 10, புதன்

மறுபடி மூடாக்கு. முட்டியில் வலி.

கப்பல் பாறையில் மோதிவிட்டது. யார் பிழைத்தார்கள் என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் சூசையின் கையெழுத்து. மூடிவிட்டேன்.

பால்காரி: "ஏனுங்கம்மா, மொகம் வாடிக் கெடக்குது? பல்வலிங்களா?" ஆமாம் என்றேன். "கிராம்பு வையுங்க சாமி, சட்டுனு கேக்கும்." அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் வைக்க வேண்டியதாயிற்று. வாய் எரிந்தது மத்தியானம் வரை. நல்ல பல்.

பள்ளி விட்டு வந்து பிலோமினா: "பாட்டி, மாமா கார்டக் குடுங்க. நானே படிக்கிறேன். டீச்சர் என்னைத்தான் எந்திரிச்சுப் படிக்கச் சொல்றாங்க."

ஊசி கையில் நின்றது. அடுக்களையிலிருந்து சவேரிதான்: "ஏய், அதெல்லாம் வேணாம். பாட்டிய நச்சரிக்காத. போயி சிலேட்ட எடு." கடுமையான குரல். அவளுக்கு வழக்கமில்லாதது.

தப்பித்தேன் என்று இருந்தது. ஏழு வயதுக் குழந்தையிடம் தப்பிக்கிற கிழவி.

வேலையெல்லாம் அவளே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். தண்ணீர், மாவு, என் வெந்நீர் கூட. "நீங்க பின்னுங்க அத்தை. மாதாவுக்குப் போற துணி, கை நிக்கக் கூடாது."

6 அங்குலம்.

ஆகஸ்டு 11, வியாழன்

வெயில். மிளகாய் காய்ந்தது.

காலையில் பின்னியதில் ஒரு கதிர் கோணல். எண்ணிக்கை தப்பி, நாலு வரிசை பிரித்தேன். இளம் வயதில் கான்வென்டில் கூட நான் நாலு வரிசை பிரித்ததில்லை. இன்றைக்கு 3 அங்குலம்தான் தேறியது.

கவுன் மடிப்பைச் சவேரியே இறக்கித் தைத்துவிட்டாள். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. பிரித்துத் தைக்கலாமென்று ஊசி எடுத்தேன். எந்த முகத்தோடு? வைத்துவிட்டேன்.

மாலை செபமாலை. முடிந்ததும் எப்போதும் போல் அவள்: "எங்க அம்மாவுக்காக ஒரு பிரியதத்த மந்திரம்." பத்து வருஷமாகத் தினம் சொல்கிறாள். நானும் கூடச் சொல்கிறவள்தான். இன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டேன். இருமினேன்.

நாளைக்குக் காலை சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டு 12, வெள்ளி

காலையில் சொல்லவில்லை. இந்த இலை முடியட்டும் என்று இருந்தேன். அப்போதே சொல்லியிருந்தால் மத்தியான பஸ் இருந்தது. இதை எழுதித்தான் வைக்க வேண்டும்.

பி.ப. 5. இலை முடிந்தது (6 அங்குலம்). புத்தகத்திலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே அந்த இரண்டு வரியையும் வாசித்தேன். செவ்வாய்க்கிழமை இதை விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். ஏன் என்றும்.

அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "எழுதுனது என்னிக்குங்க?"

"ஆறாம் தேதி."

விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கையும் போதவில்லை. பிறகு: "நீங்க ரெண்டு வரி தாண்டுனது எனக்குத் தெரியுங்க அத்தை."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எழுத்துத்தான் தெரியாது. நீங்க படிக்கிறப்ப உங்க கண்ணையேதானே பாத்துக்கிட்டிருப்பேன். படியெறங்குற மாதிரி ஒவ்வொரு வரியா எறங்கும். அன்னிக்கு ஓரெடத்துல நின்னுச்சு. அப்புறம் குதிச்சிருச்சு."

"கேட்டிருக்கலாமே?"

"சூசை உங்களப் பத்தி ஏதாச்சும் ஏடாகூடமா எழுதிப்புட்டானோன்னு நெனச்சேன். போன தடவ வந்தப்ப, கால் கழுவாம உள்ள வந்தான்னு நாலு பேரு முன்னால சொன்னீங்கள்ல, அந்தக் கோவம் அவனுக்கு இன்னும் இருக்குது. படிச்சுட்டுப் பெரிய மனசா மறைக்கிறீங்க, நாம எதுக்குக் கெளறணும்னு இருந்தேன். பிலோகிட்டக் கூட வேணாம்னேன்."

அவளுடைய வெட்கத்துக்குப் பின்னால் நான் மூன்று நாள் பத்திரமாக இருந்திருக்கிறேன்.

கடைசி பஸ் போய்விட்டது. அவள் மறுபடி முறத்தை எடுத்துக் கல் பொறுக்கினாள். என்ன செய்ய, எல்லாரும் சாப்பிட வேண்டுமே.

ஆகஸ்டு 13, சனி

விடியற்காலை லேஸைச் சுற்றி, "ஒரு சாண் குறைகிறது, மன்னிக்கவும்" என்று சீட்டு வைத்து, பால்காரியிடம் கான்வென்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மதரின் பதில் வந்துவிட்டது. "பாதகமில்லை. சுவர்ப் பக்கம் மடித்துத் தைத்துக்கொள்கிறோம். யார் கண்ணிலும் படாது."

யார் கண்ணிலும் படாது.

பஸ்ஸில் ஏறியதும், "பெரியம்மா, காலை உள்ள இழுங்க, கோழிக்கூடை வருது!" என்று கண்டக்டர். கோழியோடு நான், சவேரி, பிலோமினா. அயோத்தியாப்பட்டணம் தாண்டும் வரை சவேரி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பிறகு குழந்தையிடம், "மாமா ஊட்ல கன்னுக்குட்டி இருக்குது, பாக்கலாம்," என்றாள். என்னிடம் அல்ல.

சம்பந்தியம்மாள் கட்டிலில். கண் திறந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது.

சூசை: "வியாழன் சாயந்திரம் வரைக்கும் பேச்சு இருந்துச்சுங்க. 'சவேரி வந்துட்டாளா, பஸ் வந்துருச்சா'ன்னு ஒரே கேள்வி. நேத்து விடியக் காத்தால பாத்தா இப்படி." டாக்டர் பார்த்தாராம். பேச்சு திரும்பினாலும் திரும்பலாம் என்றாராம்.

சவேரி அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண் மட்டும் அவள் பக்கம் நகர்ந்தது.

"ஏன்க்கா, கார்டு கெடைக்கல?"

"நேத்து சாயந்திரந்தான் வந்துச்சு." திரும்பாமலே சொன்னாள்.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டு 14, ஞாயிறு

நல்ல வெயில். சுவாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். கஞ்சித் தண்ணீர் நாலு கரண்டி இறங்கியது. காய்ச்சல் குறைவு. பேச்சு இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். ஒருத்தி: "சம்பந்திக்கு ஒடம்பு சரியில்லன்னு கேட்ட மறுநாளே, இந்த வயசுல பஸ் ஏறி வந்துட்டாங்களே மகராசி." இன்னொருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளத் தைரியமில்லை.

பின்னல் வேலை இல்லை, புத்தகம் இல்லை. கை சும்மா இருக்கிறது. எத்தனை வருஷம் ஆயிற்று, இப்படி இருந்து. சவேரி என்னிடம் தேவைக்குப் பேசுகிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. தட்டில் சோறு முதலில் எனக்குத்தான்.

ஆகஸ்டு 15, திங்கள்

மாதா திருநாள். காற்று. கோயில் மணி இங்கே கேட்கிறது. பூசைக்குப் போகவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் எப்படி நற்கருணை வாங்குவது?

மு.ப. 10க்குச் சூசை ஒரு முழுத்தாளும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"ஆறாந்தேதி போட்ட கார்டு பன்னெண்டாந்தேதியா போய்ச் சேர்றது? அந்தத் தபால்காரனச் சும்மா உடக் கூடாதுங்க. நீங்க கான்வென்டுல படிச்சவங்க. மேலதிகாரிக்கு நறுக்குனு ஒரு பிராது எழுதிக் குடுங்க அத்தை. ஆளு வேலையிலேயே இருக்கக் கூடாது."

கட்டிலருகே சவேரி கரண்டியோடு இருந்தாள். "இப்ப எதுக்குடா அதெல்லாம்? வுடு."

"நீ சும்மா இருக்கா. அவன் ஒழுங்காக் குடுத்திருந்தா அம்மா உன்னோட ரெண்டு வார்த்த பேசியிருக்கும்."

பேனாவை எடுத்தேன். எழுதினேன். நீளமில்லை. அதிகாரிக்கு அல்ல, அவனுக்கு. முடித்ததும் அவனிடம் நீட்டவில்லை. எழுத்துத் தெரியாத இரண்டு பேர் இந்த வீட்டில் இருக்கிறார்கள். அதனால் நானே உரக்க வாசித்தேன்.

"கார்டு 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கையில் தரப்பட்டது. அதில் தாயாரின் காய்ச்சலைப் பற்றிய இரண்டு வரியை நான் என் மருமகளுக்கு வாசித்துச் சொல்லவில்லை. அவள் கேட்டபோது எல்லாரும் சௌக்கியம் என்று பொய் சொன்னேன். ஒரு பின்னல் வேலையை முடிப்பதற்காகச் செய்தேன். தபால்காரர் மேல் குற்றமில்லை. என் மருமகள் மேலும் குற்றமில்லை."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் வாங்கி, தானும் ஒரு தரம் வாசித்தான். மெதுவாக, உதட்டை அசைத்து. என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுப்பதை நிறுத்தவில்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மணி பதினொன்றரை. இன்னும் உள்ளே வரவில்லை.